பதினெட்டு டிகிரி

ஜெனோவா அந்தச் செடிக்குக்
கிணற்றுத் தண்ணீரைக் காட்டியதே இல்லை.
மண்டபத்துக் கிணறு,
வாயில் வைத்தாலே கடல் பேசும்.
அவள் வேலைபார்க்கும் மருந்துக்கடைப் பின்சுவரில்
ஏசி சொட்டும் நீருக்கு ஒரு வாளி வைத்திருக்கிறாள்.
நமக்குக் குடம் பன்னிரண்டு ரூபாய்,
இதுக்கு மட்டும் மேகத்துத் தண்ணியா என்பேன்.
கேட்காத மாதிரி ஊற்றுவாள்.

மண் கிடையாது அதற்கு.
சீமைக்கருவேலங்கரி, தேங்காய் மட்டை நறுக்கு,
கம்பி காய்ச்சித் துளைபோட்ட
பிளாஸ்டிக் டப்பா.
உள்ளே வேர் தெரியும்:
காய்ந்தால் காரல் மீனின் வெள்ளி,
நனைந்தால் பாசி.
வேரின் நிறம் பார்த்துத்தான் நீர் விடுவாள்.
என் முகத்தையும் அப்படிப் பார்த்துத்தான்
சோறு போடுவாள்.

இரண்டு வருடம்.
மாட்டு நாக்கு அகலத்தில் இலை, இலை, இலை.
பூ, செடியோடு வந்த அட்டையில் இருந்தது:
உள்ளங்கையளவு வெள்ளை,
சுவரில் சிறகு விரித்துச்
செத்த மாதிரி உட்காருமே
அந்த அந்துப்பூச்சி போல.

அனுப்பிய களிம்போங்காரர் போனில்
இந்தியும் இங்கிலீசுமாய்ச் சொன்னதில்
எனக்குப் பிடிபட்டது ஒரு எண்.
மூன்று வாரம், இராத்திரியில்,
பதினெட்டு டிகிரி.
குளிர்ந்தால்தான் அதற்குப் பூ நினைப்பு வருமாம்.
தை மாத வாடையிலும் எங்கள் ஊர்
இருபத்துநாலுக்குக் கீழே இறங்காது.
ஜெனோவா போனை வைத்துவிட்டு
என்னைப் பார்த்தாள்.
பத்தொன்பது வருடத்தில்
என் வேலையை அவள் அப்படிப் பார்த்தது
அதுதான் முதல் தடவை.

நான் ஐஸ் கம்பெனியில் இராத்திரி ஆபரேட்டர்.
உப்புநீர்த் தொட்டி மைனஸ் பத்து.
பார் அடுக்கும் அறை மைனஸ் நாலு.
அறைக்கு வெளியே, கதவோரம்,
கால் ஆடும் ஸ்டூலில்
தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன்:
பதினேழரை. பதினெட்டு. பதினெட்டு.

மீன் கூடையில் இறக்கி, சாக்குச் சுற்றி,
டிவிஎஸ் பின்னால் கட்டி
ஒன்பது மணிக்குப் போகும், விடியுமுன் திரும்பும்
ஷிப்டு பார்க்கிற செடி.
மூன்று மணிக்கு ஐஸ் ஏற்ற வந்த லாசர் கேட்டான்:
"என்னண்ணே, செடிக்கும் ஐஸ் போடுறீகளாக்கும்,
கெட்டுப்போயிருமோ?"
பார் நொறுங்கும் சத்தத்தில்
என் பதில் அவனுக்குக் கேட்கவில்லை.
நல்லதுதான்.

பதினேழாம் நாள் இலைக்கக்கத்தில் ஒரு முனை.
வேரா, பூக்காம்பா?
வேரென்றால் நுனி உருண்டிருக்கும்.
காம்பென்றால் விரல் மடக்கிய மாதிரி
ஒருபக்கம் ஒடுங்கியிருக்கும்.
நான் டார்ச் அடித்துக் காம்பு என்றேன்.
ஆசைப்பட்டுவிடக் கூடாதென்று
அவள் வேர் என்றாள். நாலு நாள்.
ஐந்தாம் நாள் அது மேலே திரும்பியது.
அதைப் பற்றி ஒன்றும் பேசாமல்
துடைப்பத்தில் ஒரு நல்ல குச்சியாய் உருவி
பக்கத்தில் நட்டாள்.

ஒன்பது மொட்டு.
பங்குனியில் வால்வு கசிந்து
அமோனியா வாடை என் சட்டையோடு வீட்டுக்கு வந்தது.
மறுநாள் இரண்டு மஞ்சளாகி விழுந்தன.
என் சட்டைதான் என்றேன்.
வெயில்தான் என்றாள்.

தடைக்காலம் தொடங்கிய அன்று
கம்ப்ரசரை நிறுத்தினேன்.
பத்து மாதம் காதுக்குள் ஓடிய மிஷின் நின்றால்
வீட்டில் தூக்கம் வருவதில்லை.
இரண்டு மணிக்கு எழுந்து லைட்டைப் போட்டால்
முதல் பூ பாதி திறந்திருந்தது.
வெளிச்சத்துக்கு வந்த நிஜப் பூச்சி ஒன்று
அதன் பக்கத்தில் உட்கார்ந்து,
கொஞ்சம் யோசித்து,
டியூப்லைட்டுக்கே போய்விட்டது.

அறுபத்தொரு நாள்.
சம்பளம் பாதி.
பூ ஏழும் அப்படியே.
வலை கோத்த கையோடு வந்த லாசர்
தொட்டுப் பார்த்து, பிளாஸ்டிக்கா என்றான்.
சாயங்காலம் சம்சாரத்தையும் கூட்டிக்கொண்டு வந்தான்.

நாளை தடை முடிகிறது.
எண்ணெய் மாற்ற நான் கிளம்புகையில்
ஜெனோவா காம்பின் கணுக்களை எண்ணுகிறாள்.
மூன்றாவதற்கு மேலே வெட்டினால்
மறுபடி கிளைக்குமாம்.
கத்தரியை எடுத்தவள், வெட்டாமல்,
"அந்த ஸ்டூல்ல," என்கிறாள்,
"இன்னொரு டப்பாவுக்கு எடம் இருக்குமா?"